பின்வரிசைக் குளிர்

சட்டைப் பைகளைத் துழாவாமல் இஸ்திரி அக்கா எந்தத் துணியையும் மேசைமேல் விரித்ததில்லை. பேருந்துச் சீட்டு, பேனா மூடி, ஒற்றைப் பொத்தான், எது கிடைத்தாலும் மேசை ஓரத்து பிஸ்கட் டப்பாவுக்குள் போகும். உரியவர் வந்து கேட்டால் திரும்பக் கிடைக்கும். பள்ளிக்கூடச் சட்டைகளிலிருந்து வருபவை பெரும்பாலும் மிட்டாய்த் தாள்கள். அவற்றையும் எறியமாட்டாள்.

"அதுவும் அதுங்க சொத்துதானே தம்பி. கேட்டா குடுக்கணும்ல?" என்பாள். யாரும் கேட்டதில்லை.

அந்த வீட்டின் மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். தெருவைப் பார்த்த கீழ் முன்னறைதான் அவளுடைய கடை. ஒரு நீள மேசை, அதன்மேல் பழைய கம்பளி, கரி போட்டு ஊதும் கனத்த பித்தளைப் பெட்டி. மின்சாரப் பெட்டியை அவள் மதித்ததே இல்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது துணியத் தடவிக் குடுக்கும், தேய்க்காது" என்று முடித்துவிடுவாள். அவள் தேய்க்கும்போது வலது பாதம் அரை அடி முன்னால் போய் ஊன்றிக்கொள்ளும். எடை அங்கிருந்து கிளம்பி, இடுப்பில் ஏறி, தோள் வழியாகப் பெட்டிக்குள் இறங்குவதைப் பக்கத்தில் நின்றால் பார்க்க முடியும்.

"எல்லாரும் கைவேலைன்னு நினைக்கிறாங்க. இது கால்வேலை தம்பி. கை சும்மா வழி காட்டுறதோட சரி."

அவளுடைய கணவர் பேருந்துப் பணிமனையில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் இன்னும் டைம்கீப்பர்தான். வாசலில் நின்று வண்டிகளை நேரத்துக்கு அனுப்பியே ஆயுளைக் கழித்தவருக்கு ஓய்வு ஒத்துவரவில்லை. வீட்டையே பணிமனையாக்கிவிட்டார். ஆனால் அனுப்புவதற்கு அங்கே ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. அது அக்கா.

"ஏழு மணி ஊசிக்கு ஏழரைக்கு வந்து நிக்கிறே. நடுவுல எந்த ஸ்டாப்பிங்ல நின்னே?" என்று கேட்பார்.

"டயர் பஞ்சர்ங்க," என்பாள் அக்கா.

அவளுக்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் இன்சுலின் போட்டாக வேண்டும். கரிப்புகையும் வியாதியும் சேர்ந்து கண்ணைக் கெடுத்து வைத்திருந்தன. ஊசிக்குழலில் இருக்கும் மெல்லிய கோடுகள் அவளுக்கு ஒன்றாகக் கலங்கித் தெரிந்தன. அதனால் மருந்தை அளந்து இழுத்துத் தருவது அவர் வேலை, குத்திக்கொள்வது அவள் வேலை. ஒரு நேரம்கூட அவர் தவறியது கிடையாது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போது அவள் ஏற்கெனவே புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அன்பு என்று அந்த வீட்டில் ஒன்று இருந்ததென்றால் அது அந்த இரண்டு நிமிடங்களில் இருந்தது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், மருந்து வைக்கவாவது ஒரு ஃப்ரிட்ஜ் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி வாங்க வைத்தான். கடையில் நடந்ததை அக்கா நடித்தே காட்டுவாள். விற்கிற பையன் கேட்டிருக்கிறான், "வீட்ல எத்தனை பேர் சார்?" டைம்கீப்பர் விரல் விட்டிருக்கிறார். தாங்கள் இருவர், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி வீட்டார் வந்தால் அவர்கள்.

"அவங்கல்லாம் வந்து வருஷக்கணக்காச்சுங்க. வந்தாலும் படுக்கப் பாய்தான் வேணும், ஃப்ரிட்ஜுக்குள்ளயா படுக்கப்போறாங்க?"

"நீ சும்மா இரு. ஸ்டாப்பிங்ல நிக்கிற கூட்டத்தையும் சேர்த்துத்தான் வண்டி விடணும்."

வந்து இறங்கியது ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு கதவு வைத்த ஒன்று. அடுப்படிக்குள் நுழையவில்லை. கடைசியில் முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்த நடைவழியில், ஆள் போக இடம் வேண்டுமென்று முதுகைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார்கள். ஒரு பக்கம் கரிச்சூடு, மறு பக்கம் அடுப்புச்சூடு. உள்ளே அரை லிட்டர் பால், நாலு தக்காளி, ஒரு துண்டு பூசணி, மருந்துப் பெட்டிகள், என்னுடைய பால் பாக்கெட். கதவைத் திறந்தால் ஆளில்லாத வீட்டில் விளக்குப் போட்டது போலிருக்கும்.

காலியாக இருந்தால் குளிர் நிற்காது, தண்ணீர் பாட்டில்களாவது நிரப்பி வையுங்கள் என்று கடைக்காரர் போனில் சொன்னார். டைம்கீப்பர் உடனே பெரிய பாட்டில்களாகத் தேடிப் பிடித்து நிரப்பினார். ஆனால் தட்டுகள் சாமான் வைக்க என்பது அவர் எண்ணம். பாட்டில்கள் எல்லாவற்றையும் கதவிலேயே அடுக்கினார். கொஞ்ச நாளில் கதவு அந்தப் பாரத்துக்குத் தொங்கிக் கொடுத்தது. மூடினால் மூடிய சத்தம் கேட்கும். மேல் மூலையில் மட்டும் ரப்பர் பட்டை சட்டத்தைத் தொடாமல் நின்றது. அதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கதவிலிருந்த பால் திரிந்தது. "குளிர் பத்தல" என்று டைம்கீப்பர் உள்ளே குளிரைக் கூட்டும் திருகைக் கடைசி எண்ணுக்குத் திருப்பி வைத்தார். பால் கெட்டுப்போகிற இடத்தில் மருந்து இருக்கலாமா? கதவிலிருந்த மருந்துப் பெட்டிகளை எடுத்து மேல்தட்டில், ஆக உள்ளே, பின்சுவரில் குளிர்காற்று வரும் துளையை ஒட்டிச் சாய்த்து வைத்தார். கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இங்கதான் ஜில்லுனு இருக்கு" என்று திருப்தியோடு சொன்னார். கையிலிருக்கும் குப்பி தீரும் நாளில், பின்னாலிருந்து அடுத்ததை எடுத்துக் கதவுக்குக் கொண்டுவந்துவிடுவார். மறுநாள் காலை புறப்பட வேண்டிய வண்டியை முந்தின நாளே வரிசையில் நிறுத்துவது அவருடைய பழக்கம்.

அது நடந்த பருவத்தில்தான் அக்காவின் பாதத்தில் நெருப்பு விழுந்தது.

நான் சட்டை வாங்கக் கீழே போயிருந்தேன். கருகும் வாடை வந்தது. அக்கா பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கி, மேசையிலிருந்த சட்டையின் முன்னையும் பின்னையும் புரட்டிப் பார்த்தாள். கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகுதான் குனிந்தாள். வலது பாதத்தின் சுண்டுவிரல் பக்கம் ஒரு சிறு கங்கு உட்கார்ந்திருந்தது. வியாதியில் மரத்துப்போன பாதம், அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. விரலால் சுண்டிவிட்டாள்.

"நல்லவேளை, சட்டைக்கு ஒண்ணும் ஆகல," என்றாள்.

புண் ஆறவில்லை. கட்டு மாற்ற மாற்ற அகன்றது. பரிசோதனையில் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டினார். அடுத்த முறை இன்னும் கூட்டினார்.

"மருந்த ஃப்ரிட்ஜ்லதானே வைக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"நல்ல குளிர்ச்சியிலதான் சார் வச்சிருக்கேன்," என்று டைம்கீப்பர் சொல்லியிருக்கிறார். அது பொய்யே இல்லை.

"அப்ப சாப்பாட்டுலதான் கோளாறு. சர்க்கரை இறங்கினாத்தான் புண் ஆறும். இல்லேன்னா பாதம் தங்காது."

அந்தச் சொல்லோடு அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கியதைப் பார்த்தேன். அக்கா கடைப்படியில் ஏறி, ஈரம் தெளித்து வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்தாள். டைம்கீப்பர் நடைவழியிலேயே நின்றார்.

"என்ன தின்னே?"

"நீங்க குடுத்ததத்தான்."

"நான் குடுத்ததுல இவ்வளவு ஏறாது."

"அப்ப ரத்தம் பார்த்த மெஷினுக்குத்தான் ஏதோ ஆயிருக்கும். அதக் கேளுங்க."

"எல்லா மெஷினும் பொய் சொல்லுது, நீ மட்டும் சத்தியவதி?"

அன்றிலிருந்து அவர் தேடத் தொடங்கினார். சர்க்கரை டப்பா வீட்டைவிட்டுப் போயிற்று. தானும் வெறும் தேநீர்தான் குடித்தார். அந்த விஷயத்தில் அவர் நேர்மையானவர். அலமாரிக்குப் பூட்டு வந்தது. அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தார். தலையணை உறையைக் கழற்றிப் பார்த்தார். கடைசியில், தேடாத இடத்தில் கிடைத்தது: பிஸ்கட் டப்பா. அதை மேசைமேல் கவிழ்த்தார். பொத்தான்களுக்கும் பேனா மூடிகளுக்கும் நடுவே சிவப்பும் பச்சையுமாக மிட்டாய்த் தாள்கள் பொலபொலவென்று கொட்டின.

"இது என்ன?"

"பிள்ளைங்க பையில இருந்ததுங்க."

"தாள மட்டும் பையில வச்சுக்கிட்டு வருதுங்களா?"

"ஆமாங்க. தின்னுட்டு எங்க போடும்? பையிலதான் போடும்."

"உன் பிள்ளையும்தான் பள்ளிக்கூடம் போனான். அவன் பையில ஒரு தாள் இருந்திருக்கா?"

"அவனுக்கு நீங்க மிட்டாயே வாங்கிக் குடுத்ததில்ல."

நான் அங்கேதான் நின்றிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். "தம்பி, நீயே சொல்லேன்," என்றாள். பைகளிலிருந்து தாள்கள் வருவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். டைம்கீப்பர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாட்சி வேற ரெடி பண்ணி வச்சிருக்கா," என்றார்.

இரவில் மகனிடம் போனில் பேசும்போது அவர் குரல் மாடிவரை கேட்கும். அந்தப் பக்கத்தில் மகனும் பெருமூச்சு விட்டிருக்க வேண்டும். பிறகு போன் அக்காவிடம் போகும். அவள் அதிகம் பேசமாட்டாள். "சரிப்பா." "இல்லப்பா." "சரிப்பா." ஒருநாள் மட்டும் நீளமாகச் சொன்னாள்: "உனக்கு அஞ்சு வயசுல உன் பென்சில நான் எடுக்கலன்னு சொன்னேன், நம்பின. இப்ப என்னப்பா ஆச்சு?"

பழி என்பது தினமும் கிடைத்தால் அதுவும் ஒரு சாப்பாடுதான். அக்கா அதைத் தின்றுகொண்டு வேலை செய்தாள். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததென்று ஒருநாள் அவள் அம்மா கேக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மேலே வெள்ளைப் பூசணம் போலக் க்ரீம். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பெட்டியை ஓரமாக நிறுத்தினாள். தெருவைப் பார்த்து நின்றபடி, ஒளிக்காமல், இரண்டு கையாலும் எடுத்துத் தின்றாள். மார்க்கெட்டிலிருந்து திரும்பிய டைம்கீப்பர் படியில் காலை வைத்தபோது அவள் விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் மோசம். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தாமதத்துக்குக் காரணம் தெரிந்துவிட்ட நிம்மதி.

"ஆமா, தின்னேன்," என்றாள் அக்கா. "இன்னைக்குத்தான் தின்னேன். தின்னாமலே திருடின்னு பேர் வாங்கினேன், தின்னுட்டாவது வாங்குவோம்னு தின்னேன்."

"இன்னைக்குத்தானா?"

"இன்னைக்குத்தான்."

"சரி," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அந்தச் 'சரி'க்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு எடை இல்லாமல் போயிற்று.

சுண்டுவிரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து அதையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். நான் பார்க்கப் போனபோது அவள் கட்டிலில் உட்கார்ந்து பக்கத்துப் படுக்கைக்காரியின் போர்வையை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதில் சுருக்கம் விழுந்தால் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அங்கே ஒரு விசித்திரம் நடந்தது. வீட்டில் எவ்வளவு போட்டும் இறங்காத சர்க்கரை ஆஸ்பத்திரியில் சரசரவென்று இறங்கியது. அதே அளவு மருந்தை நர்ஸ் போட்ட முதல் நாளே அக்காவுக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறியது. குளுக்கோஸ் ஏற்றி, மருந்தைப் பாதியாகக் குறைத்தார்கள்.

"பார்த்தியா?" டைம்கீப்பர் கட்டிலருகே குனிந்து மெதுவாகத்தான் கேட்டார். "இங்க ஒளிச்சுத் தின்ன வழியில்ல. இறங்கிடுச்சு."

நர்ஸ் அந்தப் பக்கமாக வந்தபோது, "அம்மா, வீட்ல வாயக் கட்டணும்," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுக்கம் நின்றிருந்தது. அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது அன்றைக்குத்தான் என்று பிறகு என்னிடம் சொன்னாள். "தூக்கத்துல எந்திரிச்சுப் போய்த் தின்கிறேனோன்னு நினைச்சேன் தம்பி. அப்படியும் ஒரு வியாதி இருக்காமே. என் கையையும் அவர் கையையும் ஒரே கயித்துல கட்டிக்கிட்டுப் படுக்கச் சொன்னேன்."

அவரும் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

வீடு திரும்பிய கொஞ்ச நாளில் சர்க்கரை பழையபடி ஏறியது. மீதியிருந்த விரல்களுக்குக் கீழே பாதம் வீங்கியது. இந்த மாதம் பார்ப்போம், இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் உயிருக்குப் பாதுகாப்பு என்றார் மருத்துவர். அக்கா குதிகாலை ஊன்றித் தேய்த்தாள். துணி குறைவாகத்தான் வந்தது. வந்ததையும் அவள் விடவில்லை.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிட்டது வேறு காரணத்துக்காக. அதன் மோட்டார் ஓயாமல் ஓடியது. அடியில் தண்ணீர் கசிந்து நடைவழியெல்லாம் ஈரம். குதிகாலில் நடப்பவள் வழுக்கி விழுந்துவிடுவாள் என்று டைம்கீப்பர்தான் கவலைப்பட்டுக் கூப்பிட்டார். அக்கா வழக்கம்போல மேசையருகே நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் என் பாலை எடுக்க வந்தவன், வழியை மெக்கானிக் அடைத்திருந்ததால் ஓரமாக நின்றேன்.

மெக்கானிக் வாயாடி. கதவைத் திறந்ததும், "என்ன சார், தண்ணித் தொட்டிக்குக் கதவு போட்டு வச்சிருக்கீங்க?" என்றார். செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்து, கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தார். கீழே காகிதம் பிடித்துக்கொண்டது. நடுவில் பிடித்தது. மேல் மூலையில் வெண்ணெயில் கத்தி போல வழுக்கி வந்தது.

"இதான். கதவு தொங்கிடுச்சு. வெளிச்சூடு இதுவழியா உள்ள போயிட்டே இருக்கு. மெஷின் பாவம், ஊரையே குளிர வைக்கப் பார்க்குது. நீங்க வேற திருகக் கடைசி வரைக்கும் திருப்பி வச்சிருக்கீங்க. அப்ப என்னாகும்? கதவுப் பக்கம் பால் திரியும், பின்பக்கம் பனி கட்டும். வீட்ல எத்தனை பேரு?"

"ரெண்டு பேர்."

"ரெண்டு பேருக்கு இதுல பாதி இருந்தாலே ஜாஸ்தி சார். பெருசா வாங்கிட்டா உள்ள வெறும் காத்துதான் இருக்கும். திறந்தா அவ்வளவும் கீழ கொட்டிடும். சாமான் இருந்தாத்தான் குளிரப் பிடிச்சு வைக்கும். தண்ணி பாட்டில் வைக்கணும்னா தட்டுல வைங்க, கதவுல இல்ல. சுவத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்க, அதுக்கும் மூச்சு விடணும்ல."

பேசிக்கொண்டே சாமான்களை எடுத்துத் தரையில் வைத்தார். பூசணித் துண்டு கல்லாகியிருந்தது. மேல்தட்டின் ஆழத்தில் கையை விட்டவர் நிறுத்தினார்.

"இங்க என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு."

கொஞ்சம் பலம் கொடுத்து இழுத்தார். அட்டை கிழிந்தது. மருந்துப் பெட்டி ஒன்று பின்சுவரோடு பனியில் பதிந்து, பாதி கையோடு வந்தது. உள்ளிருந்த குப்பியை அவர் வெளிச்சத்தில் ஆட்டினார். அது ஆடவில்லை.

"மருந்து கல்கண்டாயிடுச்சே சார்," என்று சிரித்தார்.

முன்னறையில் பெட்டி நகரும் சத்தம் நின்றது.

"என்ன ஆயிடுச்சுன்னு சொன்னீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"ஐஸ்க்கா. நல்லா உறைஞ்சிருக்கு. முன்னாடி வச்சிருக்கலாம்ல?"

அக்கா குதிகாலில் நடந்து வந்தாள். குப்பியை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாததை அவள் இப்படித்தான் பார்ப்பாள். பிறகு அதை டைம்கீப்பரின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை மூடிப் பிடித்துக்கொண்டார், சூடாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பது போல.

"தம்பி, மெடிக்கல் ஷாப்புக்குப் போன் போடு," என்றாள் என்னிடம். "சத்தமா வை. அவரும் கேட்கட்டும்."

கடைக்காரர் தயங்காமல் சொன்னார். "ஐஸான இன்சுலினா? தூக்கிப் போடுங்க. இளகி வந்தாலும் பார்க்க ஒண்ணும் தெரியாது. ஆனா அதுக்குள்ள ஒண்ணும் இருக்காது. தண்ணியக் குத்திக்கிட்ட மாதிரிதான். எங்க வச்சிருந்தீங்க?"

நான் போனை வைத்தேன். மெக்கானிக்குக்கு விஷயம் முழுதாகப் புரியாவிட்டாலும் ஏதோ புரிந்தது. வாயை மூடிக்கொண்டு, கதவின் கீல் ஆணிகளை முறுக்கத் தொடங்கினார்.

"ஆஸ்பத்திரியில ஏன் கை நடுங்குச்சுன்னு இப்பத்தான் தெரியுது," என்றாள் அக்கா. குரல் உயரவில்லை. "அங்க நிஜ மருந்து போட்டுட்டாங்க."

டைம்கீப்பர் அப்போது சொன்னதை நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்துவிட்டேன். அது கொடுமையால் வந்ததல்ல. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டுமே என்று கையை நீட்டுகிறவனின் வார்த்தை அது.

"ஆனா அன்னைக்குக் கேக் தின்னேல்ல?" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தாள். திரும்பி மேசைக்குப் போனாள். பெட்டிக்குள் கரி அணையத் தொடங்கியிருந்தது. குனிந்து ஊதினாள். சாம்பல் பறந்து அவள் முகத்திலேயே படிந்தது.

அன்று மாலையே புது மருந்து வந்தது. கதவின் நடுத்தட்டில் வைத்தார்கள். மருத்துவர் அளவைப் பாதிக்கும் கீழே குறைத்தார். "இதயும் கேட்டிருக்கணும்," என்று தலையை ஆட்டிக்கொண்டார், அவ்வளவுதான். சர்க்கரை இறங்கியது. ஒழுங்காக, சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கியது. தினமும் காலையில் டைம்கீப்பர் அந்த எண்ணைச் சத்தமாகப் படிப்பார். அக்கா பாதத்தில் போட்டிருந்த கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டின்மேல் ஈரம் ஊறிக்கொண்டுதான் இருந்தது. சீழ் எலும்புக்குள் இறங்கியிருந்தது. அதற்குச் சர்க்கரை இறங்கிய செய்தி போய்ச் சேரவில்லை. முழங்காலுக்கு ஒரு சாண் கீழே எடுத்தார்கள்.

மகன் வந்துவிட்டுப் போனான். அவனிடம் அப்பா, "ஃப்ரிட்ஜ் சரியில்லப்பா, அதான்," என்று சொன்னார். அவன் அந்தக் கம்பெனியைத் திட்டினான். அக்கா கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் கேட்டது உயரமான முக்காலி. அதில் உட்கார்ந்து தேய்த்துப் பார்த்தாள். பெட்டி துணிமேல் மிதந்தது. தோளால் அழுத்தினாள், முக்காலி பின்னால் போயிற்று. மேசையைச் சுவரோடு சேர்த்துப் போட்டுப் பார்த்தாள். சுருக்கங்கள் அப்படியே இருந்தன. வாங்கிப்போனவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அவர்களில் பாதிப்பேர் வரவில்லை.

ஒரு காலையில் நான் இறங்கி வந்தபோது மேசைக்கு முன்னால் டைம்கீப்பர் நின்றுகொண்டிருந்தார். பெட்டி அவர் கையில். அக்கா முக்காலியில்.

"கால முன்னால வைங்க. அந்தக் கால் இல்ல, வலது. இன்னும் முன்னால. ஊன்றுங்க."

"ஊன்றித்தான் இருக்கேன்."

"கையில ஊன்றுறீங்க. கால்ல ஊன்றுங்க."

அவருக்கு வியர்த்தது. ஒரு சட்டை முடிந்தது, அடுத்தது விரிந்தது. வெயில் படியேறி முன்னறைக்குள் வந்தது. அவர் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவதை மேசையின் கீழே பார்க்க முடிந்தது. வயதும் ஆகியிருந்தது.

"கொஞ்சம் உட்காரட்டுமா?" என்று கேட்டார்.

"சூடு ஆறிடும். நில்லுங்க."

நின்றார். தெருவில் ஒரு வண்டி போயிற்று. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரு பள்ளிக்கூடச் சட்டையின் முதுகைத் தேய்த்தபடி, துணியைப் பார்த்தே சொன்னார்.

"நான்தான் அதக் கொண்டுபோய்ப் பின்னால தள்ளி வச்சேன். ஜில்லுனு இருக்கட்டும்னு. நீ ஒண்ணும் தின்னல."

அக்கா கையை நீட்டிச் சட்டையின் காலரைத் தடவிப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள். "இங்க சுருக்கம் இருக்கு. திரும்பத் தேயுங்க. உங்க மகன் சாயந்தரம் போன் பண்ணுவான், அவன்கிட்டயும் இதயே சொல்லுங்க."

அவர் தலையசைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக் காலர்மேல் வைத்தார்.